மூலைக்குள் ஒரு கறுப்புக் கோடு

பேப்பரில் மரண அறிவித்தல் வாசிக்கத்தான் எனக்குக் கண்ணாடி தேவை, இன்ஸ்பெக்டர் ஐயா. இரும்பைப் பார்க்கத் தேவையில்லை.

ஒருவரையும் நம்பாத ஆள் நான். அதனால்தான் தியாகலிங்கம் முதலாளி, வெல்டிங்காரரைச் சோதிக்கிற வேலையை என்னிடம் விட்டிருந்தார். ஒரு தகட்டின்மேல் இன்னொன்றை நிமிர்த்தி, மூலையில் ஒரு பக்கம் மட்டும் ஒட்டச் சொல்லுவேன். ஆறியதும் சுத்தியலால் அடித்து மடக்குவேன். ஒட்டு வெளியே மினுங்கும்; கள்ளம் உள்ளே இருக்கும். தேறியவனுக்கு எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம்: உயரத்தில் தான் ஏறி நிற்கிற இரும்புத் தட்டைத் தானே ஒட்டவேண்டும்.

சுபாங்கன் வந்து இரண்டு மாதம். இன்னும் தேறாதவன். ஒருநாள் எல்லாருக்கும் முன்னால் சொன்னான்:

“லெனாட் அப்புவுக்குக் கண் தெரியேல்லை, முதலாளி. நேற்றுப் பட்டப்பகலிலை என்ரை சாப்பாட்டுப் பெட்டியைத் தன்ரை எண்டு திறந்தவர். உவரோ எங்களைச் சோதிக்கிறது?”

“உன்ரை மனிசியின்ரை மீன்குழம்பு மணம் அப்பிடியடா,” என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை.

“மாதம் முடியட்டும், லெனாட் அண்ணை. வேறை ஆளைப் பாப்பம்.”

அடுத்த கிழமை சுபாங்கனின் சோதனை. மேலுக்கு வடிவான ஒட்டு. இரண்டாவது அடியில் வாய் பிளந்தது. மூலைக்குள் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரு கறுப்புக் கோடு. இரும்போடு இரும்பு உருகிச் சேரவேயில்லை. துண்டுகளைப் பழைய இரும்புக் குவியலுக்குள் எறிந்தேன்.

“எப்பிடி, அப்பு?” வெளியே நின்ற சுபாங்கன் பிறகு வந்து கேட்டான்.

“தேறீட்டாய். நாளைக்கு உடுப்பிட்டித் தண்ணீர்த் தாங்கியிலை ஏறு.”

“பெரிய உபகாரம், ஐயா,” என்றான். என்னை ஐயா என்றது அதுதான் முதல் தடவை.

மறுநாள் அவன் தட்டை ஒட்டி, அதன்மேல் இரண்டு காலையும் வைத்தான். இடுப்புப் பெல்ட்டை இன்னும் கொளுவவில்லை. ஒட்டு விட்டதைக் கீழே நின்றவர்களில் முதலில் கண்டது நான்தான்; மற்றவர்கள் கண்டது அவன் விழுந்ததைத்தான்.

முதலாளி நல்ல மனிதர். கிழவனுக்குக் கண் தெரியாமல் வந்த பிழை என்று உங்களிடம் சொல்லியிருக்கிறார். அப்படியே எழுதினால் என்னை வீட்டுக்கு விடுவீர்களாம். அது பொய், ஐயா. கோட்டை வடிவாகக் கண்டேன். கண்டுதான் அவனை ஏற்றினேன். என் கண்ணில் ஒரு குறையுமில்லை என்று விளக்கமாக எழுதுங்கள்.

சாப்பாட்டுப் பெட்டி மாறினது வேறு கதை. அன்றைக்கு வானம் கொஞ்சம் மப்பாக இருந்தது.