அரிசி மில் முனையில் நிற்கும் வண்டி

"ஹலோ… முதியோர் உதவி மையமா?… ஆமா, ஆமா, இசோகோதான் பேசறேன். காப்பீட்டுப் பராமரிப்புக்கு விண்ணப்பம் போட்டுடலாம்னு… எனக்கில்லம்மா, அவருக்கு! எனக்கென்ன, கல்லுக்குண்டு மாதிரி இருக்கேன்."

கல்லுக்குண்டு ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றது. முந்தாநாள், பக்கவாதத்தில் விழுந்த கணவர் தோகுஜியைக் குளிப்பாட்டும்போது இருவரும் ஒருசேர வழுக்கி விழுந்து, நண்பகல்வரை ஈரத்தரையிலேயே கிடந்தார்கள்.

"ஏன் இத்தனை நாள் போடலையா?… மருமக இருக்கறப்போ மாமனாரை வெளியாளு குளிப்பாட்டினா ஊரு அவளைத்தானே பேசும்?… அவளா? டோக்கியோவுல இருந்து தினம் போன் பண்ணி 'போடுங்க, போடுங்க'ங்கறா. அவ சொன்னதாலேயே போடலைன்னு வெச்சுக்கோங்க… தெரியும், தெரியும், அந்தக் காப்பீட்டுக்குன்னு பென்ஷன்ல மாசாமாசம் பிடிச்சுக்கறாங்க. வெக்கம் எதுக்குன்னு நீங்க சொல்லலாம். எதிர்வீட்டு குவாபரா அம்மா என் வயசுதான். பனி கொட்டறப்போகூடப் புருஷனை உலாத்தக் கூட்டிட்டுப் போறா. ஒத்தை ஆளா! நான் மட்டும் கையாலாகாதவளா?… இருங்க. ஏங்க, கத்தாதீங்க!… உங்களுக்கு ஒண்ணுமே இல்லையா? அப்போ எழுந்து வந்து நீங்களே இந்தம்மாகிட்ட சொல்லுங்க!… பாத்தீங்களா, போர்வையைத் தலைவரைக்கும் இழுத்துக்கிட்டாரு. உங்க ஆள் அவரைச் சோதிச்சுப் பாக்க வர்ற அன்னிக்குக் கோட்டு மாட்டிக்கிட்டு, மலையேறப் போறேம்பாரு. நம்பிடாதீங்க.

"ஒரே ஒரு நிபந்தனை. பராமரிப்பு நிலையத்துக்குக் குளிக்கக் கூட்டிட்டுப் போற வண்டி வாசலுக்கு வரக்கூடாது. அதுலதான் அத்தாம்பெரிய எழுத்துல நிலையத்தோட பேர் எழுதியிருக்கே! ரெண்டு தெரு தள்ளி, அரிசி மில் முனையில நிக்கட்டும்… நடக்க முடியாதுதான்! முடிஞ்சா உங்களை எதுக்குக் கூப்பிடறேன்?… இடமில்லையா? ஏன்?… காலைல ஏற்கெனவே ஒரு வண்டி அங்க நிக்குதா? எங்க தெருவுக்கா? யாருக்கு?… சரி, சரி, பேரைச் சொல்ல வேண்டாம்."

அந்நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டுக் கதவு திறந்தது. குவாபரா அம்மாள், தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்ட கணவரைச் சக்கர நாற்காலியில் வைத்து, வில்லாய் வளைந்து தள்ளிக்கொண்டு வந்தாள். பிடியில் தொங்கிய பையிலிருந்து குளியல் துண்டின் ஓரம் எட்டிப் பார்த்தது. இரண்டு குளிர்காலமாக இசோகோ அந்தத் துண்டைப் பார்த்து வந்திருக்கிறாள். உலாத்தப் போகிறவர்களுக்குத் துண்டு எதற்கு என்று ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை. நாற்காலி அரிசி மில் பக்கம் திரும்பியது.

"ஹலோ… இருக்கேன், இருக்கேன். வண்டி வாசலுக்கே வரட்டும்… ஆமா, யோசிச்சுதான் சொல்றேன். அதுல எத்தனை பேர் உக்காரலாம்?… ஒண்ணுமில்ல, சும்மா கேட்டேன். வந்து நின்னதும் ரெண்டு தரம் ஹாரன் அடிக்கச் சொல்லுங்க… எங்களுக்கு ஒண்ணு போதும்தான். இன்னொண்ணு எதிர்வீட்டுக்குக் கேக்கணும்… பாவம்மா, அவளுக்கும் இடுப்புன்னு ஒண்ணு இருக்குமில்ல… ஆமா, ஆமா. வெச்சுடறேன்."