உருட்டிப் பார்

உங்கள் மேசை ஆடுகிறது. காலுக்கடியில் ஓர் அட்டையை மடித்து வைத்தால் சரியாகிவிடும். பகடை ஆடுகிறவன் கண்ணில் இதுதான் முதலில் படும்.

பதினோரு வருடமாக ஞாயிறு மதியம் என் வீட்டில் கதையாட்டம். நான் கதை சொல்வேன். தங்கை, அவள் கணவர், பக்கத்து மருந்துக்கடைக்காரர் மூவரும் கதைக்குள் வீரர்கள். நினைத்தது பலிக்குமா என்பதை இருபது முகப் பகடைதான் சொல்லும். "நடக்குமா?" என்று யார் கேட்டாலும், நடத்துகிறவன் சொல்லக்கூடிய பதில் ஒன்றே: "உருட்டிப் பார்."

மாப்பிள்ளை கதையில் வில்லாளி. அவருக்கென்றே ஒரு வித்தை எழுதிக் கொடுத்தேன். ஒருவர் தலைமேல் இருக்கும் குவளையை, முடி கலையாமல் அம்பால் தட்டிவிட வேண்டும். அதற்கு இருபது விழ வேண்டும். அவருக்கு விழவே விழாது.

"அண்ணா, வீட்ல அவர் மூஞ்சியப் பாக்க முடியல. ஏதாவது பண்ணேன்," என்றாள் தங்கை.

பண்ணினேன். அவருடைய பகடையில் இருபதுக்கு நேர் எதிரே இருக்கும் ஒன்றாம் முகத்தைத் துளைத்து, ஈயம் வைத்து அடைத்து, சாயம் பூசினேன். யாரிடமும் மூச்சு விடவில்லை. நேர்மையான மேசை என்று எனக்கு ஒரு பெயர் இருக்கிறது. அதைக் காப்பாற்ற வேண்டாமா?

பிறகு மாப்பிள்ளைக்கு இருபதாகக் கொட்டியது. தலைகால் புரியவில்லை. முதலில் கைராசி என்றார், அப்புறம் கைத்திறமை என்றார். நிஜ வில்லே வாங்கிவிட்டார். ஒரு மாதம் தலையணையைக் குறி பார்த்தார், தலையணை பிழைத்துக்கொண்டது.

போன ஞாயிறு கொல்லையில் தங்கையை நிறுத்தி, அவள் தலையில் என் காபிக் குவளையை வைத்தார்.

"வேணாம் சார், இது கதையில்ல," என்று மருந்துக்கடைக்காரர் கெஞ்சினார்.

தங்கை என்னைப் பார்த்தாள். "அண்ணா, ஒண்ணும் ஆகாதுல்ல?"

ஈயத்தைப் பற்றி அப்போது சொல்லியிருக்கலாம். சொன்னால் பதினோரு வருடப் பெயர் என்ன ஆவது? தவிர, அந்தக் கேள்விக்கு விதிப்படி ஒரே பதில்தான்.

"உருட்டிப் பாக்கட்டும்," என்றேன்.

கொல்லை வாசற்படியில் உருட்டினார். இருபது. அவள் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டாள்.

அம்பு குவளைக்கு நாலு விரல் கீழே பட்டது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் போய்விட்டாள். எனக்கு இருந்தது அவள் ஒருத்திதான். மனசு ஆறவில்லை. புல்லில் விழுந்ததால் குவளைக்குக் கீறல்கூட இல்லை.

மாப்பிள்ளையைத் திட்டாதீர்கள் இன்ஸ்பெக்டர், அவர் பகடையை நம்பினார். அதை நீங்கள் அறுத்துப் பார்த்தாயிற்று. ஈயம் நான் வைத்ததுதான், மறைக்கவில்லை. ஒன்றை மட்டும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்: என் மேசையில் இன்றுவரை கள்ளாட்டம் நடந்ததில்லை.