அறுபத்திரெண்டு அடி

முட்டி வலின்னு ஒங்ககிட்ட சொன்னது பொய் ஐயா. நல்லா மண்டி போடுவேன். ஒரு வருசமா நற்கருணை எடுக்க நான் முன்னால வராததுக்குக் காரணம் வேற. நீங்க இந்தச் சேகரத்துச் சர்ச்சுகளுக்கு ஐயரா வந்து மூணு மாசந்தான் ஆகுது, அதான் கேக்கிய. பழைய ஐயர் கேக்கவே இல்ல. கோயில்குட்டிதான, மணியடிச்சானா, சர்ச்சப் பெருக்குனானா, போதும்னு விட்டுட்டாவ.

உக்காருங்க. அந்தக் கதவ மட்டும் சாத்திக்கிடுதேன்.

தங்கப்பழம்னு கேள்விப்பட்டிருப்பிய. எங்கூடப் பெறந்த அண்ணன். சேகரக் கமிட்டித் தேர்தல்ல நின்னான். நான் எதுத்த அணிக்கு ஓட்டுப் போட்டேன், மறைக்கல. ஆராதனை முடிஞ்சு சபை பூரா வெளிய நிக்குது, மணியடிக்கிற பயலுக்கெல்லாம் ஓட்டு ஒரு கேடாலேன்னு கேட்டுட்டான். எம் பொண்டாட்டி புள்ளைய முன்னால. நாலு வருசம் பேச்சுவார்த்த கெடையாது. அவன் ஒரு பக்கத்து பெஞ்சு, நான் ஒரு பக்கம். ஒரே வேதபுஸ்தகம், ஒரே பாட்டு, மூஞ்சிய மட்டும் பாத்துக்கிட மாட்டோம்.

போன வருசம் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு முந்தின வாரம் நெஞ்சு வலின்னு அவன திருநெல்வேலிக்குக் கொண்டு போனாங்க. பொழைக்க மாட்டான்னுதான் பேச்சு. தபசு அன்னைக்கு மத்தியானம் நான் துக்க மணி அடிச்சேன். நம்ம கோயில்ல வயசுக்கு ஒரு அடி, விட்டு விட்டு அடிக்கணும். அவனுக்கு அறுபத்திரெண்டு. சனம் ஓடி வந்துட்டு. ஆஸ்பத்திரிலேர்ந்து போன் வந்துச்சு, முடிஞ்சிட்டாம்னு சொன்னேன்.

அவன் உசுரோட வந்துக்கிட்டு இருந்தான் ஐயா. டாக்டரு அவன வீட்டுக்கு அனுப்பிட்டாரு. தபசுக் கூட்டத்துல ஆம்புலன்ஸ் நகரல, நம்ம சர்ச் தெரு முக்குல நின்னுட்டு. படுத்துக்கிட்டே எண்ணியிருக்கான். அவன் பொண்டாட்டி, எங்க மதினிதான் சொன்னா. அறுபத்திரெண்டுல நின்னதும், ஏட்டி, எனக்குல்லா அடிக்கான்னு சொல்லி அவ கையப் பிடிச்சிக்கிட்டானாம்.

என்னைய யாரும் ஏசல. எவனோ போன்ல தப்பாச் சொன்னா இவன் என்ன செய்வான்னுட்டாங்க. ரெண்டு வாரங் கழிச்சு அவனே ஆராதனைக்கு வந்தான், வீல்சேர்ல. சமாதானம் சொல்லிக் கைகொடுக்கிற நேரத்துல எம் பக்கமாத் தள்ளச் சொல்லி, என் ரெண்டு கையையும் பிடிச்சிக்கிட்டான். ஏலே, ஒம்மேல தப்பில்ல, நாந்தான் அன்னைக்கு அப்படிப் பேசிருக்கக் கூடாதுன்னான். சபை பூரா அழுதுச்சு. கர்த்தர் அண்ணன் தம்பியச் சேத்து வச்சாருன்னு பழைய ஐயர் பிரசங்கத்துலயே சொன்னாவ. நான் தலைய ஆட்டுனேன். அவனுக்குப் பக்கத்துல மண்டி போட்டு நற்கருணையும் எடுத்தேன். அதுதான் கடைசி.

அடுத்த வாரமே போயிட்டான். அதுக்கும் நாந்தான் அடிச்சேன்.

இப்பம் ஞாயித்துக்கெழம முதல் மணி அடிச்சாலும் மனசு எண்ணுது. பதினஞ்சோட நிறுத்தணும், கை நிக்க மாட்டேங்கு. நீளமா அடிக்கியேன்னு கமிட்டில கூடக் கேட்டாங்க. தெரு முக்குல யாரோ படுத்துக்கிட்டு கூடவே எண்ணுத மாதிரி இருக்கு. பயமா இருக்கு ஐயா.

அதான் மன்னிச்சிட்டாம்லான்னு கேக்கிய. எத மன்னிச்சான்? போன்ல வந்த சேதிய நம்பி மணியடிச்ச தம்பிய மன்னிச்சான். அப்படி ஒரு தம்பி கெடையாது.

எனக்குப் போனே வரல ஐயா. அன்னைக்கு மணிக்கூண்டுல ஒட்டட அடிக்கப் போனேன். கயிறு கையில தட்டுச்சு. அவன் செத்தா எப்படி இருக்கும்னு கேட்டுப் பாக்க ஒரு ஆச. எண்ணி எண்ணித்தான் அடிச்சேன்.