சுந்தரலிங்கத்தைத் தேடும் படம்

பிளேன்டீக்கு நன்றி, சேர். சீனி கொஞ்சம் தூக்கல், பரவாயில்லை.

மாத்தளையில் யாரிடம் விசாரித்தாலும் என்னைப் பற்றி ஒன்றைத்தான் சொல்வார்கள்: துஷ்யந்தன் எதையும் முடிக்க மாட்டான். உண்மைதான். நான் தொடங்கிய படங்களை வைத்து ஒரு திரைப்பட விழாவே நடத்தலாம். என்ன, எல்லாம் இடைவேளையோடு நின்றுவிடும். கலியாண வீடியோ எடுக்கப் போய், தாலி கட்டுவதற்கு முன்பே சலித்துக் கிளம்பி வந்திருக்கிறேன். யார் யாருக்குக் கட்டப் போகிறார் என்பதுதான் பந்தல் வாசலிலேயே எழுதியிருக்கிறதே. மர்மம் இருக்கும்வரைதான் எனக்கு வேலை ஓடும்.

அந்த நிலையில்தான் பரிமளம் அக்காவைச் சந்தித்தேன். இரத்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். கணவர் சுந்தரலிங்கம், தம்புள்ளை மரக்கறிச் சந்தைக்கு மூட்டை தூக்கப் போனவர் திரும்பவில்லை. இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாது. அக்கா அவருடைய சட்டையை வாராவாரம் துவைத்துக் காயப்போடுவார்.

“வந்தவொடனே மாத்திக்க வேணுமில்ல, தம்பி,” என்றார்.

அந்தச் சட்டையை எத்தனை கோணத்தில் எடுத்தேன் தெரியுமா? முன்னோட்டத்தைப் பார்த்துக் கொழும்பில் பெரிய ஆட்களே கண்ணைத் துடைத்தார்கள். நானும் முதல்முறையாக ஒரு வேலையில் நிலைத்து நின்றேன்.

சிக்கல் என்னவென்றால், ஆள் கிடைத்துவிட்டார்.

சும்மா சந்தையைப் படமெடுக்கப் போனேன். முட்டைக்கோவா மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். லொறியிலிருந்து மூட்டை விழுந்து தலையில் அடிபட்டிருக்கிறது. மனைவியின் பெயர் நினைவிருந்தது, தோட்டத்தின் பெயர் மறந்துவிட்டது. “பரிமளத்த தெரியுமா, தம்பி?” என்று போகிற வருகிறவர்களை எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

என் இடத்தில் இருந்து யோசியுங்கள். அப்போதே வீட்டில் கொண்டுபோய் விட்டிருந்தால் அது படமா? செய்தி. அதுவும் ஐந்து நிமிடச் செய்தி.

அதனால் யட்டவத்தையில் இருக்கும் என் மாமாவின் மிளகுக் கிடங்கில் தங்கவைத்தேன். மாமா கட்டாரில் இருக்கிறார், கிடங்கு சும்மா கிடந்தது. பாய், போர்வை, சோறு என்று ஒன்றுக்கும் நான் குறை வைக்கவில்லை. “அக்காவுக்கு ஒடம்பு சரியில்ல, கொஞ்சம் பொறுங்க” என்று சொன்னேன். பொறுத்தார். நல்ல மனிதர். பகலில் அவருக்குச் சோறு கொடுத்துவிட்டு, பின்னேரம் போய் அக்கா அழுவதை எடுப்பேன். “எங்களுக்காக தேடுறது நீங்க ஒருத்தர்தான், தம்பி,” என்பார். நியாயமாகப் பார்த்தால் அது பொய்யும் இல்லை.

ஒருநாள் சுந்தரலிங்கம் அண்ணனுக்குத் தோட்டத்தின் பெயர் நினைவுக்கு வந்துவிட்டது.

“பஸ் ஏத்தி விடுங்க, தம்பி. நானே போயிருவேன்,” என்று துண்டை உதறித் தோளில் போட்டார்.

அன்றிலிருந்து வெளியே பூட்டுப் போட வேண்டியதாயிற்று. பக்கத்து வீட்டு பலீல் நானாவிடம், உள்ளே பேய்ப்படம் எடுக்கிறோம், சத்தம் கேட்டால் பயப்பட வேண்டாம் என்று சொல்லிவைத்தேன். அக்கம்பக்கத்தை மதிக்க வேண்டும் அல்லவா?

அப்புறம் கலேவெலையிலிருந்து ஒரு தகவல் வந்தது. ஒரு வீட்டுக் கூரையில் எங்கிருந்தோ கல் விழுகிறது, எறிவது யாரென்று தெரியவில்லை. சேர், கூரையில் கல்! யாரால் சும்மா இருக்க முடியும்? இரண்டு நாளில் வந்துவிடலாம் என்று பிஸ்கட்டும் தண்ணீரும் வைத்துவிட்டுப் போனேன். அங்கே விஷயம் பிடிபடவே இல்லை. இடையிடையே அவர் நினைவு வந்தது. ஆனால் நான் கிளம்ப நினைக்கும்போதெல்லாம் இன்னொரு கல் விழும். கடைசியில் பார்த்தால் குரங்கு. தெரிந்த உடனே எனக்கு அந்த இடம் வெறுத்துவிட்டது.

திரும்பி வந்தபோது பலீல் நானா வேலியோரம் நின்றார்.

“படம் முடிஞ்சிட்டா, தம்பி? அந்த ஆள் என்ன மாதிரி நடிச்சாரு! ராவு பகலா கதவத் தட்டிக்கிட்டே கெடந்தாரு. இப்ப நாலஞ்சு நாளா சத்தமில்ல.”

மிளகு வாடையில் வேறெதுவும் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. பூட்டைத் திறந்தேன். சுந்தரலிங்கம் அண்ணன் கதவோடு சாய்ந்தபடியே இருந்தார். தோளில் துண்டு இருந்தது.

நான் ஓடி ஒளியவில்லை, நேரே இங்கேதான் வந்தேன். நீங்கள் கொலை என்கிறீர்கள். அது பெரிய வார்த்தை. நான் அவரை ஒரு விரலால்கூடத் தொட்டதில்லை. கதவைப் பூட்டினேன், வேறு வேலையில் மறந்துவிட்டேன். அவ்வளவுதான் நடந்தது.

அக்காவுக்கு இன்னும் தெரியாது என்றீர்கள். நல்லது. இப்படியான நேரத்தில் தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருந்தால் அவருக்கு ஆறுதல். அதனால் சொல்லப் போகும்போது என்னையும் கூட்டிப்போங்கள். கேட்டதும் அவர் முகம் எப்படி மாறும் என்று எனக்கு உண்மையிலேயே தெரியாது. கமராவைச் சும்மா ஓர் ஓரமாகத்தான் வைப்பேன், சேர்.