அசையாத தேநீர்க் கிளாஸ்

பழைய சின்னக் கார் நின்ற இடத்தில் உதறினால், எல்லோரும் முதலில் பிளக்கைத்தான் கழற்றிப் பார்ப்பார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். பிளக்குகள் சுத்தமாகவே இருந்தன.

அந்தக் கார் என்னுடையது அல்ல. என் மனைவி வசீலாவின் அண்ணன் ஜெல்லூலுடையது. ஓடும்போது ஒழுங்காக ஓடும். நிறுத்திக் காலை எடுத்தால் குளிர்ஜுரம் கண்டவன் போல நடுங்கும், சில நேரம் அணைந்தும் போகும். அவர் மகளின் கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளை வீட்டு வாசலிலேயே அணைந்தது. பின்னால் வந்த வண்டிகள் விடாமல் ஹாரன் அடித்தன. சந்தோஷத்துக்கு அடிக்கும் ஹாரனை அன்று சிரிப்புக்கு அடித்தார்கள். நான் பள்ளியில் இயற்பியல் கற்பித்தவன், வீட்டில் எது பழுதானாலும் நானே பிரிப்பவன். நான் சரிசெய்து தருகிறேன் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன்.

நீங்கள் விசாரணைக்காகத் தலைநகரிலிருந்து வந்திருக்கிறீர்கள், அதனால் இதைச் சொல்லவேண்டும். எங்கள் மலையூரான ஐன் தராஹமில் பழுது பார்த்த வண்டியைக் காப்பிக்கடை வாசலில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, பானெட்டின் மேல் விளிம்பு வரை தேநீர் ஊற்றிய கிளாஸை வைப்பார்கள். சிந்தாமல் நின்றால் பழுது பார்த்தவன் கெட்டிக்காரன்.

கார்ப்ரேட்டரைப் பிரித்துக் கழுவினேன். கிளாஸ் மெல்ல நடந்துபோய் விளிம்பில் விழுந்தது. பாயின்ட்டை மாற்றினேன், டைமிங்கைத் திருத்தினேன். மறுபடி விழுந்தது. ஒவ்வொரு முறையும் ஜெல்லூல் கடைக்குள் திரும்பிப் பார்ப்பார்.

“இன்னொரு கிளாஸ் கொண்டாங்கப்பா. எங்க வாத்தியார் மாப்ளே அடுத்த பாடம் எடுக்கப் போறாரு. பசங்கள ஃபெயிலாக்குன மாதிரி இதையும் ஃபெயிலாக்கிடாதீங்க மாப்ளே.”

அவர் கெட்டவர் இல்லை. தக்கைப் பட்டை உரிக்கும் காட்டில் மரத்திலிருந்து விழுந்து வலது முழங்கால் மடங்காமல் போனவர். அதைப் பற்றியும் இப்படித்தான் கேலி பேசுவார். ஆனால் அவர் சிரித்தால் கடையே சிரித்தது. வீட்டில் கேட்டு வசீலாவும் சிரித்தாள், முக்காட்டால் வாயை மூடிக்கொண்டு. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

குளிர்காலம் முழுவதும் இப்படியே போனது. சோற்றில் கை வைத்தால் அந்த நடுக்கம் என் விரலுக்கு வந்தது.

கடைசியில், எங்கிருந்தோ காற்று உள்ளே போகிறது என்று முடிவுசெய்து குழாய்களை ஒவ்வொன்றாகக் குறடால் நசுக்கிப் பார்த்தேன். தடித்த ரப்பர் குழாய் ஒன்றை நசுக்கியதும் எஞ்சினின் நடுக்கம் அடங்கியது. அப்படியொரு அமைதி. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அது பிரேக்குக்குப் போகும் குழாய். எஞ்சின் உறிஞ்சும் இழுப்பைக் கொண்டு பிரேக் மிதியை இலகுவாக்குவது. அடிப்பக்கம் வெடித்திருந்தது. புதுக் குழாய் ஜெந்தூபா டவுனில் கிடைக்கும், திங்கட்கிழமை போய் வாங்கலாம். அதுவரைக்கும் என்று எஞ்சின் பக்கத்து வாயை ஒரு போல்ட் வைத்து அடைத்துக் கிளிப்பை முறுக்கினேன். பிரேக் இல்லாமல் போகவில்லை. இருந்தது. மிதிதான் கல்லாகிவிட்டது. நல்ல கால் உள்ளவன் உடம்பையே சாய்த்து மிதித்தால் வண்டி நிற்கும். என் வீட்டிலிருந்து காப்பிக்கடை வரை ஏற்றம், பிரேக்குக்கு வேலையே இல்லை.

கிளாஸ் அசையவில்லை. கடையில் இருந்தவர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். ஜெல்லூல் நொண்டியபடி வந்து என் நெற்றியில் முத்தமிட்டார்.

“மன்னிச்சுக்கங்க மாப்ளே. ஊரறியச் சொல்றேன், நீங்கதான் கெட்டி.”

இப்போதே கடற்கரைத் தபர்க்காவுக்கு இறங்கி என் பெயரால் எல்லோருக்கும் மீன் வாங்கி வருவதாகச் சொன்னார். சந்தைப் பையோடு அங்கே வந்த வசீலா, தபர்க்காவில் இருக்கும் அம்மாவைப் பார்த்து நாளாயிற்று, நானும் போகிறேன் என்று ஏறிக்கொண்டாள். கண்ணாடியை இறக்கிக் கேட்டாள்.

“இப்ப நல்லாயிருக்குல்லங்க?”

“கிளாஸப் பாத்தேல்ல,” என்றேன்.

அவள் பக்கத்துக் கதவைச் சாத்தியது நான்தான்.

அப்போதே சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொல்லியிருக்கலாம். ஆனால் பிரேக்கைப் பற்றிச் சொன்னால் போல்ட்டைப் பற்றியும் சொல்லவேண்டும். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த இறக்கம் முழுக்க வளைவு என்று எனக்குத் தெரியும். ஜெல்லூலும், எங்கள் ஊரில் எல்லோரையும் போல, பெட்ரோலை மிச்சம் பிடிக்கக் கியரை எடுத்துவிட்டு உருட்டிக்கொண்டே இறங்குவார் என்றும் தெரியும். அதனால்தான் “மெதுவாப் போங்க” என்று சொன்னேன். கடைக்காரர் கேட்டிருக்கிறார், நீங்கள் விசாரிக்கலாம். பானெட்டின் மேலிருந்த கிளாஸை நானே எடுத்தேன். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

அவர்கள் என்னிடம் கேட்டது எஞ்சினைப் பற்றி. எஞ்சினை நான் சரிசெய்துதான் கொடுத்தேன்.

பள்ளத்தில் முதலில் இறங்கியவர் வனக்காவலர். அவர்தான் வந்து சொன்னார். இருவருக்கும் உயிர் இல்லை. ஜெல்லூலின் இரண்டு கால்களும் பிரேக் மிதியின் மேலேயே இருந்தன. வசீலாவின் கை அவர் முழங்காலை அழுத்தியபடி இருந்தது. தக்கை மரத்தில் முட்டி நின்ற காரில் எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்ததாம்.

நான் அவரிடம் ஒன்றுதான் கேட்டேன்.

“நடுங்குச்சா?”