நாலடித் தொட்டி

1960 ஏப்ரல் முதல் தேதி, வெள்ளிக்கிழமை, திருத்தணி தாலுகா ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு மாறியது. நகரி ஆந்திரத்திலேயே இருந்தது.

*

சனிக்கிழமை சாயங்காலம், நகரியில் திருவேங்கடத்தின் வீடு. வண்டிக்காரன் கங்கையாவின் கையில் ஒரு கண்ணாடித் தொட்டி.

கங்கையா: அண்ணா, கை நோவுது. எங்க வெக்கறதுன்னு புருசனும் பெஞ்சாதியும் ஒரு முடிவுக்கு வாங்க.

திருவேங்கடம்: ஜன்னலாண்ட வை.

யசோதா: வெயில் பட்டா பாசி புடிச்சிக்கும்னு நீங்கதானே சொல்லிக்கினு வந்தீங்க.

திருவேங்கடம்: சரி... அடுப்பங்கரை செவுத்தாண்ட?

யசோதா: அந்தப் பொகையில மீனு கண்ணத் தொறக்குமா?

கங்கையா: மீனு எப்பக்கா கண்ண மூடிச்சி?

யசோதா: நீ அத கீழ எறக்கிட்டுப் பேசு, கங்கையா.

கங்கையா: எறக்கிட்டேன். யப்பா... மீன் தொட்டியா இது? கன்னுக்குட்டியக் குளுப்பாட்டலாம்.

திருவேங்கடம்: நாலடி. மெட்ராஸ் மூர் மார்க்கெட்டுல இதான் பெரிசு. ரயில்ல ஏத்த மாட்டேன்னுட்டாங்க, கெஞ்சிக் கூத்தாடி...

யசோதா: வர்ற மாசம் திருத்தணிக்குக் குடி போறோம். இது எதுக்கு இப்ப?

திருவேங்கடம்: திருத்தணிக் கொளத்து மீனுக்குப் பொரி போட்டத எத்தினி வாட்டி சொல்லியிருப்ப. அதான்...

யசோதா: அங்க போனா கொளமே கீதே. அங்க எங்க நைனாவுக்குக் கண்ணு சுத்தமாத் தெரியல. நேத்தும் கஞ்சி வெக்கப் போயி கையச் சுட்டுக்கினாராம். திருத்தணி ஆபீசுக்கு மாத்தல் கேட்டுட்டேன்னு சொன்னீங்க.

திருவேங்கடம்: கேட்டிருக்கேன். பாக்கறோம்னு சொல்லிக்கினு கீறாங்க.

யசோதா: தண்ணி ரொப்பிட்டா இத நகத்தலாமா?

திருவேங்கடம்: தொடவே கூடாதாம். ஓரத்துல கண்ணாடிய ஒட்டியிருக்கிற மக்கு விட்டுரும், கண்ணாடி விரியும்.

யசோதா: ஓ.

கங்கையா: அக்கா, இன்னும் ஒரு வாட்டிதான் தூக்குவேன்.

யசோதா: அதோ, கூடத்துல, தெக்குச் செவுத்தாண்ட வை.

திருவேங்கடம்: அங்க தரை தாங்குமா?

யசோதா: நீங்க சித்தூருக்குக் கேம்ப் போனப்ப, இங்க நின்னு கடப்பாக் கல்லு பாவ வெச்சது யாரு?

கங்கையா: கல்லு தட்டினா டொக்குன்னு கேக்குதண்ணா.

யசோதா: உன் தலையத் தட்டினாலும் அப்படித்தான் கேக்கும். வை.

திருவேங்கடம்: கோணி விரி. அதுமேல பலகை. தட்டுல தண்ணி வெச்சிப் பாரு, ஒரு பக்கமா ஓடுதா?

கங்கையா: ஓடல.

திருவேங்கடம்: அப்ப ஊத்து.

*

செவ்வாய்க்கிழமை காலை.

கங்கையா: அக்கா, வண்டி... இன்னா இது, கூடம் முச்சூடும் தண்ணி?

திருவேங்கடம்: விடியக்கால கல்லு எறங்கிடிச்சி. தொட்டி சாஞ்சி, முன்பக்கக் கண்ணாடி வெடிச்சிடிச்சி.

கங்கையா: மீனு?

யசோதா: ரெண்டு மீனு தவலையில கீது. மிச்சத்த பூனை துன்னுட்டுது.

திருவேங்கடம்: கல்லப் பேத்துப் பாத்தேன். அடியில மண்ணே இல்ல. வெறும் உமி, சாம்பல்.

கங்கையா: உங்களுக்கு முன்ன இது நெசவுக்காரங்க வூடாச்சே, அண்ணா. தறியில ஒக்காந்து கால உள்ள விடுவாங்களே, அந்தக் குழி.

திருவேங்கடம்: யசோதா, இங்க குழி இருந்ததா?

யசோதா: நைனாவாண்ட எப்ப போறோம்?

திருவேங்கடம்: கேட்டதுக்குச் சொல்லு.

யசோதா: மொதல்ல நீங்க சொல்லுங்க.

திருவேங்கடம்: ...எந்தப் பக்கம் வேல பாக்கணும்னு ஆபீசுல பிப்ரவரியிலயே கேட்டாங்க. ஆந்திராவே போதும்னுட்டேன். அங்க போனா சீனியாரிட்டியில எல்லாருக்கும் கீழ நிக்கணும், யசோதா. சொல்ல வாய் வரல... ஏதாச்சும் வாங்கியாரலாம்னு மெட்ராஸ் போனேன்.

யசோதா: தெரியும். குடி மாறப் போறவங்க நகத்த முடியாத சாமான வாங்கியார மாட்டாங்க.

திருவேங்கடம்: எப்பத் தெரியும்?

யசோதா: தொட்டி வாசல்ல நொழஞ்சப்ப.

திருவேங்கடம்: அப்ப குழி?

கங்கையா: அக்கா, ஒம்போது மணி ரயிலு. இப்பக் கெளம்பினாத்தான்...

திருவேங்கடம்: எந்த ரயிலு? உன்ன யாரு கூப்பிட்டா?

கங்கையா: அக்காதான். நேத்தே சொல்லிச்சி.

யசோதா: கல்லு பாவினப்ப குழிய உமி கொட்டி மூடச் சொன்னது நான்தான். தெரிஞ்சே தொட்டிய அதுமேல வெக்கச் சொன்னதும் நான்தான். கங்கையா, தவலைய மொதல்ல ஏத்து. தண்ணி தளும்பாம புடி, திருத்தணி வரைக்கும் போவணும்.