இராஜதுரை அண்ணன் கொடுத்தது கடன்

இன்றைய தலைவரும் எங்கள் துப்புரவுக் கம்பனியின் நிர்வாகியுமான கோபாலசிங்கம் அண்ணன் அவர்களே, மேடையில் உள்ள பெரியோரே, இந்த நகரத்தின் சீசாப் பகுதியிலிருந்தும் பொலிதேயாமாப் பகுதியிலிருந்தும் வேலையை இடையில் விட்டு வந்திருக்கும் உறவுகளே, முன்வரிசையில் மகள் கேசிகாவோடு இருக்கும் இராஜதுரை அண்ணனின் மனைவி இந்திராதேவி அக்கா, வணக்கம்.

நான் பிரணவன். மறைந்த இராஜதுரை அண்ணன் பங்காளராக இருந்த அந்தக் கம்பனிக்குக் கணக்கு எழுதுபவன். எனக்கு அழகாகப் பேச வராது.

உங்கள் கையில் உள்ள கண்ணீர் அஞ்சலித் தாளைப் பாருங்கள். நாலாவது வரி. "கம்பனிக்கு இருபது மில்லியன் லீராவை ஈந்த வள்ளல்." சற்று முன் தலைவரும் அதையே சொன்னார். கேட்டு அழுதீர்கள். ஆனால் அது பிழை! அவர் கொடுத்தது கடன்.

தொண்ணூற்று நான்கில் சம்பளம் போட வழியில்லாமல் நின்றோம். காசோடு வந்தவர் யார்? இராஜதுரை அண்ணன்! மாடிப்படி கழுவிச் சேர்த்த காசு. கொடுத்ததற்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னார். "உங்கட கம்பனிதானே, எதுக்குக் கடிதம்?" என்று பொறுமையில்லாமல் கேட்டேன். "காசு தானாக் கதைக்காது, தம்பி. கடன் எண்டு எழுது. திகதியும் போடு."

அடுத்த வருடம் வரி அதிகாரிகள் வந்தார்கள். வங்கியில் விழுந்த இந்தப் பணம் மறைத்த வருமானமா என்று கேட்டார்கள். அந்த ஒற்றைக் கடிதம் இல்லாவிட்டால் வரியும் தண்டமும் கட்டியே இழுத்து மூடியிருப்போம். இங்கே இருக்கும் முப்பது பேரின் வேலையைக் காப்பாற்றியவர் யார்? இராஜதுரை அண்ணன்!

போன மாதம், இராஜதுரை அண்ணன் அந்தக் கடனை விட்டுக்கொடுப்பதாக ஒரு கடிதம் தயாரிக்கச் சொன்னார் தலைவர். தயாரித்தவன் நான். அது என் வெட்கம். அண்ணனிடம் கொண்டுபோய் விளக்கினேன். கடனாகவே இருந்தால், திரும்பி வருவது உங்கள் சொந்தக் காசு. முதலுக்கு வரி இல்லை. விட்டுக்கொடுத்தால் அந்தத் தொகை உங்கள் பங்கின் அடக்கவிலையில், அதாவது வாங்கிய விலையில், சேரும். பங்கை விற்கும் நாளில் கணக்கில் லாபம் குறையும், வரியும் குறையும்.

"அடக்கவிலையைக் கொண்டுபோய்க் கேசிகாவின்ர படிப்புக்குக் கட்டலாமோ?"

"பங்கை வித்தாத்தான், அண்ணை."

"ஆர் வாங்குவினம்? நீ வாங்குறியோ? வாளியும் மொப்பும் சும்மா சேத்துத் தாறன்."

சிரித்தார். கையெழுத்து வைக்கவில்லை. ஒன்பதாம் நாள் மாரடைப்பு.

இப்போது விளங்குகிறதா? அவர் உயிரோடு போடாத கையெழுத்தை இந்த நாலாவது வரி போடுகிறது! இருநூறு சாட்சிகளை வைத்துக்கொண்டு! நாளைக்கு அக்கா காசைக் கேட்டால், வள்ளலின் மனைவி இப்படிக் கேட்கலாமா என்று சொல்லப்போவது யார்? அழுதுகொண்டிருக்கும் நாங்கள்தான்!

"தம்பி, இரங்கல் கூட்டத்தில கணக்குக் கதைக்காதை" என்கிறார் தலைவர். கணக்கை இதிலை எழுதினது நீங்கள், அண்ணை. நான் திருத்துறன்.

அன்னாரின் பணியைத் தொடர்வோம் என்று சொல்லிவிட்டுத்தான் எனக்கு முன் பேசிய எல்லோரும் இறங்கினார்கள். நான் எழுதியே கொண்டுவந்திருக்கிறேன். இராஜதுரை அண்ணனின் குடும்பத்துக்குக் கம்பனி இருபது மில்லியன் கடன்பட்டிருக்கிறது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு முன் ஐந்து, மிச்சம் மாதாமாதம். இதில் என் கையெழுத்துச் செல்லாது. நிர்வாகியின் கையெழுத்து வேண்டும்.

அடுத்தது மௌன அஞ்சலி. தயவுசெய்து ஒருவரும் இன்னும் எழும்ப வேண்டாம். அக்கா பார்த்துக்கொண்டு இருக்கிறா. கோபாலசிங்கம் அண்ணை, பேனா இஞ்சை இருக்கு.